கரும்புகையின் காரணம்

ரம்புக்கனையிலிருந்து மாவனல்லை வழியாகக் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும் பழைய கார் கரும்புகை கக்கித் திணறினால், உடனே புதிய உணரியை வாங்குவோர் பலர். அது வீண்செலவாகவும் முடியலாம்.

எஞ்சினின் குளிர்நீர்ச் சூட்டை அளக்கும் உணரியின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். பல கார்களில் அது 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 2,500 ஓம். 80 பாகையில் ஏறத்தாழ 300 ஓம். மழைமிகு சப்ரகமுவையில் ஈரத்தால் இணைப்பியில் களிம்பு படிந்தால் தடை கூடும். கொதிக்கும் எஞ்சினைக் குளிர்ந்ததெனக் கருதும் கட்டுப்பாட்டுக் கணினி, பெற்றோலை மிகையாகச் செலுத்தும்.

பழுதுக் குறியீடு மின்சுற்றையே சுட்டும், பழுதான உறுப்பையன்று. ஆதலின் எஞ்சினை நிறுத்தி, இணைப்பியைத் துடைத்து, உணரியின் தடையை அளத்தல் வேண்டும். அளவு சரியெனில் கம்பியை ஆராய்தல் வேண்டும். 2020 முதல் 2025 வரை கார் இறக்குமதி தடைப்பட்டிருந்த நாட்டில், பழைய வண்டியைக் காத்தது இத்தகைய பொறுமையே.