மாவள்ளியின் பந்தி

பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் குடியேறியோர் முதலில் தேடுவது தம் ஊர்ச் சுவையை. பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. விடுமுறை நாளில் வெளியே உண்ண நேர்ந்தால், நம் நாவுக்குப் பழகிய சாம்பாரும் காப்பியும் கிடைக்கும் இடத்தையே நாடுகிறோம். அதில் தவறில்லை. ஆயினும், வாழும் நகரின் உணவை அதன் பழம்பெரும் பந்தி ஒன்றில் அமர்ந்து உண்டறியாத குடும்பம், இந்நகரில் தங்கியிருக்கிறதே அன்றி இன்னும் குடியேறவில்லை என்றே சொல்லவேண்டும்.

லால்பாக் சாலையிலுள்ள 'மாவள்ளி டிபன் ரூம்ஸ்' என்னும் உணவு விடுதியை இந்நகரில் அறியாதார் இலர். 1924இல் சிறிய அளவில் அதனைத் தொடங்கிய மையா உடன்பிறந்தார் பெங்களூரில் பிறந்தவர் அல்லர். உடுப்பிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள். அவர்கள் பிறந்த தென்கன்னட மாவட்டம் 1956 வரை சென்னையின் ஆட்சியில் அடங்கியிருந்தது. ஆகவே மைசூர் மன்னரின் சீமையில் அவர்களும் நம்மைப் போலக் குடிபெயர்ந்து வந்தோரே. எனினும், 1960இல் இன்றுள்ள இடத்துக்கு வந்தபோது அவர்கள் சூட்டிய பெயர், விட்டுவந்த ஊரின் பெயர் அன்று. வாழவைத்த மாவள்ளியின் பெயர்.

இவ்விடுதியின் உயர்வு பளிங்கிலும் பகட்டிலும் இல்லை. தூய்மையிலும் தரத்திலும் இருக்கிறது. உடன்பிறந்தாருள் ஒருவரான யக்ஞநாராயண மையா 1951இல் ஐரோப்பா சென்று, அங்குள்ள உணவு விடுதிகளின் தூய்மையைக் கண்டு வந்து, இங்கும் அதனைக் கடைப்பிடித்தார். வெள்ளிக் குவளையில் காப்பி வழங்குவது இவ்விடுதியின் பெயர்பெற்ற வழக்கம்.

இடர் வந்தபோதும் இவர்கள் தளரவில்லை. இரண்டாம் உலகப் போரில், 1942இல், பர்மா சப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அத்தட்டுப்பாட்டுக் காலத்தில் அரிசிக்கு மாற்றாக ரவையைக் கொண்டு இட்டிலி செய்தனர். இன்று நம் இல்லங்களிலும் வழங்கும் ரவை இட்டிலி இங்கேதான் பிறந்தது என்பர். 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது, உணவின் விலையை அரசு மிகக் குறைத்து வரையறுத்தது. தரத்தைக் குறைத்துப் பிழைக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. பொடி வகைகளும் மாவு வகைகளும் கட்டி விற்கும் தொழிலில் இறங்கினர். ஒரு விடுதியின் மானம் அதன் அடுப்பங்கரையில் இருக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அங்குச் செல்லும் அன்பர்கள் நம் ஊர்ச் சாம்பாரோடு ஒப்பிட்டுக் குறை காணாதிருப்பார்களாக. வெல்லத்தின் மெல்லிய இனிப்பு இந்நாட்டுச் சமையலின் இயல்பு. நெய் மணக்கும் ரவை இட்டிலியையும், உருளைக்கிழங்குச் சாகுவையும், பழைய மைசூர்ச் சீமைக்கே உரிய பிசிபேளே பாத்தையும் அவற்றின் சுவைக்காகவே உண்ணவேண்டும். காத்திருக்க நேர்ந்தால் காத்திருக்கலாம். பரிமாறுவோரிடம் நம் பிள்ளைகள் கன்னடத்தில் கேட்டு வாங்கட்டும்.

1991இன் இறுதியில் காவிரிப் பூசல் மூண்ட நாள்களை நம்முள் மூத்தோர் மறந்திலர். ஆற்று நீரைப் பங்கிடுவது அரசுகளின் கடமை, நீதிமன்றங்களின் கடமை. அண்டை வீட்டாரோடு மனம் கலப்பதோ நம் கையில் உள்ளது. ஒரே பந்தியில் அமர்ந்து, ஒருவர் உணவை மற்றவர் மதித்து உண்பது அதற்கு எளிய தொடக்கம். தமிழை இல்லத்தில் வளர்ப்போம். மாவள்ளியின் சுவையையும் நம் பிள்ளைகளுக்கு உரிமையாக்குவோம்.