ஈய எழுத்து முதல் கைத்தொலைபேசி வரை



நாம் படிக்கும் செய்தித்தாள் எப்படி உருவாகிறது? அந்த வேலை எவ்வாறு மாறி வந்திருக்கிறது? அந்த மாற்றம் தோட்டத்தில் வாழும் நம்மை எப்படித் தொடுகிறது? இவற்றை இன்று பார்ப்போம்.

கோலாலம்பூரில் 1924-ஆம் ஆண்டு ‘தமிழ் நேசன்’ தோன்றியது. சிங்கப்பூரில் 1935-இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். அக்காலத்தில் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துக் கோத்தார்கள். கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும் அவ்வெழுத்துகளைப் படிக்கவே பயிற்சி வேண்டும். தமிழில் இந்த வேலை இன்னும் கடினம். ‘கா’ வேண்டுமென்றால் ககரத்தோடு துணைக்காலைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ‘கு’, ‘கூ’ போன்றவற்றுக்குத் தனித்தனி அச்சு வேண்டும். 18 மெய்களுக்கும் கணக்கிட்டால் இந்த இரண்டு வரிசைகளுக்கு மட்டும் 36 அச்சுகள்! கோத்து முடித்ததும் ஒரு படி எடுத்து, பிழை திருத்துபவர் வரிவரியாக வாசிப்பார். அதன் பிறகுதான் இதழ் அச்சேறும்.

மேல்நாடுகளில் இயந்திரங்கள் முன்னதாகவே வந்துவிட்டன. இலண்டன் ‘டைம்ஸ்’ 1814-இல் நீராவி இயந்திரத்தின் துணையால் மணிக்கு ஏறத்தாழ 1,100 தாள்களை அச்சிட்டது. 1886-இல் நியூயார்க் ‘டிரிபியூன்’ லினோடைப் இயந்திரத்தைப் பயன்படுத்தியது. அது ஒரு முழு வரியையே ஈயத்தில் வார்த்துக் கொடுத்தது. 1978-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ ஈயத்தை விட்டுக் கணினிக்கு மாறியது. தமிழும் பின்தங்கிவிடவில்லை. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985-இல் ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். நாளடைவில் ஈய எழுத்துகளின் இடத்தைக் கணினித் திரை பிடித்துக்கொண்டது.

இன்று செய்தி கைத்தொலைபேசிக்கே வந்துவிடுகிறது. மறுநாள் காலை வரை காத்திருந்த காலம் போய், சில நிமிடங்களில் உலகச் செய்தி நம் கையில் இருக்கிறது. இது பெரிய நன்மையே. மறுபுறம், ஏறத்தாழ 95 ஆண்டுகள் வெளிவந்த ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுபோனது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செய்தித்தாளில் வரும் செய்தியைச் செய்தியாளர் விசாரித்து எழுதுகிறார், ஆசிரியர் பார்க்கிறார். தவறு வந்தால் பதில் சொல்ல ஓர் அலுவலகம் இருக்கிறது. கைத்தொலைபேசியில் யாரோ அனுப்பும் தகவலுக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை. “அரசாங்க உதவித்தொகை வேண்டுமா? அடையாள அட்டை எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் உடனே அனுப்புங்கள்” என்று ஒரு தகவல் வரலாம். நம்பி அனுப்பினால், வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த பணம் பறிபோய்விடும்.

ஆகவே, பிழை திருத்துபவரின் வேலையை இப்போது நாமே செய்ய வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னவர் யார்? எப்போது சொன்னார்? வேறு செய்தித்தாளிலோ வானொலியிலோ இது வந்ததா? நம் எண்களை ஏன் கேட்கிறார்கள்? இந்த நான்கு கேள்விகளையும் கேட்டுப் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம். பிறருக்கு அனுப்பவும் வேண்டாம்.

முன்பு தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். சந்தேகம் வந்தால் குறுக்கிட்டுக் கேள்வியும் கேட்டார்கள். அந்தப் பழக்கத்தை வீட்டில் மீண்டும் தொடங்கலாம். பிள்ளைகள் வாசிக்கட்டும், பெற்றோர் கேள்வி கேட்கட்டும்.