பழைய கார் கிளம்பவில்லையா? பேட்டரிதான் காரணம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள்

1985 ஜூலையில் அறிமுகமான புரோட்டோன் சாகா, மலேசியக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் கார். அதன் தொடக்கக்காலக் கார்களைப் பத்திரமாக வைத்து ஓட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கார்புரேட்டரும் டிஸ்டிரிபியூட்டரும் கொண்ட இந்தக் கார்களில் பழுதைக் கண்டறியக் கணினி தேவையில்லை. ஆனால், இன்ன இடத்தில்தான் கோளாறு என்று காட்டிக் கொடுக்கும் கருவியும் அவற்றில் இல்லை. அதனால் ஊகத்தின் பேரில் இன்று பேட்டரி, நாளை கொயில், அடுத்த வாரம் ஸ்டார்ட்டர் என்று மாற்றிப் பணத்தை இழக்கும் பயனீட்டாளர்கள் பலர். பொருளை மாற்றுவதற்கு முன் சோதித்துப் பார்ப்பதே சிக்கனம்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

சாவியைத் திருகும்போது எழும் ஓசையே முதல் தடயம். ‘டக் டக் டக்’ என்று விரைவாகக் கேட்டால் பேட்டரியில் சக்தி குறைவு, அல்லது அதன் முனைகளில் பூத்த வெள்ளைத் துரு மின்சாரத்தைத் தடுக்கிறது. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு, விளக்குகளும் நன்றாக எரிந்தால் ஸ்டார்ட்டரைச் சந்தேகிக்கலாம். எந்த ஓசையும் இல்லையென்றால் சாவி சுவிட்ச், ஸ்டார்ட்டருக்குச் செல்லும் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். என்ஜின் வேகமாகச் சுழன்றும் உயிர் பெறவில்லை என்றால் பேட்டரி மீது குற்றமில்லை. தீப்பொறியோ பெட்ரோலோ வரவில்லை என்று பொருள்.

மீட்டர் சொல்லும் உண்மை

மலிவான மல்டிமீட்டர் ஒன்று பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். இரவு முழுவதும் ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது சார்ஜ் இழந்துவிட்டது. என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். அப்போதும் 12 வோல்ட் அளவிலேயே நின்றால் ஆல்டர்னேட்டர், அதன் பெல்ட் அல்லது வயர் இணைப்பில்தான் கோளாறு. அதைக் கவனிக்காமல் புதிய பேட்டரி போட்டால் அதுவும் சீக்கிரமே படுத்துவிடும்.

நிறுத்தி வைத்த காரில் பேட்டரி தானாக இறங்குவதும் உண்டு. பூட்டில் எரியும் சிறு விளக்கோ, பிற்பாடு பொருத்திய வானொலியோ அரை ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி போய்விடும். 40 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றே நாளில் ஏறக்குறைய காலி.

மழையும் சூடும்

தீப்பொறியைச் சோதிக்க, மாற்று பிளக் ஒன்றைப் பிளக் வயரில் செருகி, அதன் உலோகம் என்ஜினில் படும்படி உறுதியாக வைத்து, மற்றொருவரைச் சாவியைத் திருகச் சொல்ல வேண்டும். நீலநிறத்தில் பளிச்சென்று பொறி வந்தால் நல்லது. அந்த மின்சாரம் 20,000 வோல்ட்டையும் தாண்டக்கூடியது என்பதால் பிளக்கைக் கையில் பிடிக்கவே கூடாது. பெட்ரோல் வாசனை அடித்தால் சோதனையே வேண்டாம்.

மழைநாளிலும் ஈரமான காலையிலும் மட்டும் தகராறு செய்தால், டிஸ்டிரிபியூட்டர் மூடியில் மயிரிழை போன்ற விரிசலோ பிளக் வயர்களில் வெடிப்போ இருக்கலாம். ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்துவிடும். இரவில் பொனெட்டைத் திறந்து ஓடும் என்ஜினைத் தள்ளி நின்று பார்த்தால், கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். அரை மணி நேரம் ஓடியபின் நின்று, ஆறியதும் மீண்டும் கிளம்பினால் கொயிலையோ பற்றவைப்பு மின்னணுப் பகுதியையோ சோதிக்க வேண்டும். சூட்டில் துண்டிக்கப்படும் இணைப்பு, ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது. காலையில் பட்டறைக்குக் கொண்டு சென்றால் கார் ஒழுங்காக ஓடுவதும் இதனால்தான். நெடுஞ்சாலையில் லோரிகளுக்கு நடுவே கார் நின்றால் உயிருக்கே ஆபத்து என்பதால் இந்த அறிகுறியைத் தள்ளிப்போடக் கூடாது.

பியூஸோடு விளையாட்டு வேண்டாம்

அடிக்கடி எரியும் 15 ஆம்பியர் பியூஸுக்குப் பதிலாக 30 ஆம்பியர் போடுவது சிலரின் வழக்கம். பியூஸ் எரியாது, அதற்குப் பதில் வயர் எரியும், காரும் தீப்பற்றலாம். பியூஸ் எரிவது நோயல்ல, நோயின் அறிகுறி.

பட்டறைக்குச் செல்லும்போது “கார் கிளம்பவில்லை” என்று மட்டும் சொல்லாமல், என்ன ஓசை கேட்டது, மழையிலா சூட்டிலா நின்றது, மீட்டர் எத்தனை வோல்ட் காட்டியது என்று சொல்லுங்கள். மெக்கானிக்கின் நேரமும் மிச்சம், உங்கள் பணமும் மிச்சம்.