92 நாட், 121 நாட்: போடாமல் விட்ட ஒரு சுவிட்ச்

2014 டிசம்பர் 8, காலை பத்தே முக்கால் வாக்கில், அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் கெய்தர்ஸ்பர்க் நகர வீடுகளின் மேல் ஒரு சிறிய ஜெட் விமானம் விழுந்தது. எம்ப்ரேயர் ஃபீனம் 100 ரகம். இறங்க வேண்டிய ஓடுதளம் இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது. விமானத்தில் வந்த மூவரும் இறந்தார்கள். வீட்டுக்குள் இருந்த ஒரு தாயும், கைக்குழந்தை உட்பட அவருடைய இரண்டு பிள்ளைகளும் இறந்தார்கள். அந்தப் பயணத்துக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பறவை மோதியிருக்குமோ என்றுதான் முதலில் பேச்சு. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்த காரணம் வேறு: பனி.

குளிர்மேகத்துக்குள் பறக்கும்போது இறக்கையின் முன்விளிம்பில் பனிக்கட்டி படியும். உப்புத்தாள் போலச் சொரசொரப்பான மெல்லிய படலமே போதும், இறக்கையின் தூக்கும் சக்தி குறைந்துவிடும். அதனால் ஃபீனத்தின் இறக்கையிலும் வாலிலும் ரப்பர் உறை பதித்திருக்கிறார்கள். சுவிட்சைப் போட்டால் உறை காற்றேறி உப்பும், பனி உடைந்து சிதறும். அன்று இறங்கும் நேரத்தில் அந்தச் சுவிட்ச் போடப்படவில்லை.

அதே சுவிட்ச்தான் அபாய எச்சரிக்கைக் கருவிக்கும் சேதி சொல்கிறது: பனி படியும் நேரம் இது, விமானியைச் சீக்கிரமே உஷார்ப்படுத்து என்று. சேதி போகாததால், இறக்கை சுத்தமாக இருப்பதாகவே கருவி எடுத்துக்கொண்டது. விமானி வைத்துக்கொண்ட இறங்கு வேகமும் சுத்தமான இறக்கைக்கு உரிய 92 நாட் (விமான வேகத்தின் அளவு). பனிக்கு வேண்டியது 121 நாட். ‘ஸ்டால்’ (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கிறது) என்று கருவி கத்தியபோது மீள உயரம் மிச்சமில்லை.

வேகம் கூடினால் நிற்க நீளமான ஓடுதளம் வேண்டும். அங்கே இருந்தது சுமார் 4,200 அடி. வானிலை, ஓடுதள நீளம், இறங்கத் தேவைப்படும் தூரம் ஆகியவற்றைப் புறப்படும் முன்பே பார்த்துவிட வேண்டும் என்பது அமெரிக்க விதி. பனி வந்தால் என்ன வேகம், இந்த ஓடுதளம் போதுமா, போதாவிட்டால் எங்கே இறங்குவது? இதையெல்லாம் தரையில் நிற்கும்போதே தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மேகத்துக்குள் இறங்கிக்கொண்டே போடும் கணக்கு அல்ல இது.

பெரிய விமானத்தில் ஒருவர் செக்லிஸ்ட்டை வாசிக்க, இன்னொருவர் சரிபார்ப்பார். ஃபீனத்தை ஒருவரே ஓட்டலாம்; அன்றும் ஓட்டியவர் ஒருவர்தான். ஒற்றை விமானி ஓட்டும் இத்தகைய ஜெட்களில், பனிநீக்கியைப் போட வேண்டிய நேரத்தில் தானாகவே எச்சரிக்கும் ஏற்பாடு வேண்டும் என்று வாரியம் 2016-இல் பரிந்துரைத்தது.