கைப்பேசித் திரையில் படங்களை அமைக்கும் முறை

அண்மையில் நாம் பார்வையிட்ட ஒரு நெசவாளர் சங்கத்தில், செயலியில் படம் பார்த்து வாங்கப்பட்ட சேலையொன்று திரும்பி வந்திருந்தது. சேலையில் குற்றமில்லை. படத்தில் கரை வெட்டுண்டு போனமையால், கரையற்ற சேலை என்றெண்ணி வாங்கியவர் ஏமாந்தார். நெய்தவர் உழைப்புக்குத் திரையின் அமைப்பே இழுக்குத் தேடித் தந்தது. ஆகவே அவ்வமைப்பின் நெறியை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

கைப்பேசிகள் யாவும் ஒரே அகலமுடையன அல்ல. ஒரு திரையின் அகலம் 360 அலகு எனக் கொள்வோம். அதில் 200 அலகுப் படங்கள் இரண்டை ஒரே வரிசையில் வைப்பின், 40 அலகு வெளியே வழியும். 2018 டிசம்பரில் முதல் நிலையான பதிப்பு வெளிவந்த ‘ஃபிளட்டர்’ என்னும் கருவியில், சோதனைக் கட்டத்தில் இவ்வாறு வழியுமிடத்தை மஞ்சளும் கருப்புமான பட்டைகள் காட்டிக்கொடுக்கும்.

இதற்குப் பரிகாரம், படத்திற்கு நிலையான அளவு விதிக்காது, உள்ள இடத்தைப் பங்கிடுவதாகும். இருபுறமும் நடுவிலும் 8 அலகு இடைவெளி விட்டால், 24 போக மீதம் 336, படமொன்றுக்கு 168. அகலத்திற்கும் உயரத்திற்கும் 3:4 விகிதம் வைத்தால் உயரம் 224 ஆகும். படம் 160 அலகுக்குக் குறையலாகாது என்றும் விதித்துவிட்டால், 800 அலகுத் திரையில் வரிசைக்கு நான்கு படங்கள் தாமே அமையும்.

அடுத்து, சட்டத்துள் படம் பொருந்தும் விதம் மூன்று. இழுத்து நிரப்பினால் சதுரக் கட்டங்கள் நீள் கட்டங்களாகித் தோற்றம் பொய்க்கும். விகிதம் மாறாது நிரப்பினால் ஓரம் வெட்டுப்படும். முழுமையாக அடக்கினால் சிறிது வெற்றிடம் விழுந்தாலும் சரக்கு முழுதும் தெரியும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் பெட்டிக்கு ஓரம் சிறிது மறைந்தாலும் நட்டமில்லை. சேலைக்கோ கரையும் முந்தியுமே உயிர். அதற்கு மூன்றாவது முறையே ஏற்றது.

எல்லாப் படங்களையும் 3:4 விகிதத்திலேயே எடுத்துவிடின் வெற்றிடமும் விழாது. இராஜபாளையத்து மாங்கனிக்கும் இதே விதி பொருந்தும். செயலி செய்து தருவோருக்குப் பணம் கொடுக்குமுன், சிறிய திரையொன்றிலும் பெரிய திரையொன்றிலும் திறந்து காட்டும்படி நிர்வாகக் குழுவினர் கேட்பார்களாக. கரை தெரிகிறதா என்று நெய்தவரே பார்த்துச் சொல்லட்டும்.