பிட் நிறுத்தத்தில் தீப் பாதுகாப்பு

பிட் நிறுத்தம் என்பது கார்ப் பந்தயத்தின் நடுவே சக்கரம் மாற்றவோ எரிபொருள் நிரப்பவோ ஒரு கார் தன் அணியின் பணியிடத்துக்கு வந்து நிற்பதாகும். எரிபொருளும் நிரப்பப்படும் பந்தயங்களில், பந்தயத்தின் மிக ஆபத்தான நேரங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. எஞ்சினும் புகைபோக்கிக் குழாயும் பிரேக் தட்டுகளும் அப்போது கடுமையாகச் சூடேறியிருக்கும். தீப்பற்றுவது திரவப் பெட்ரோல் அன்று, அதிலிருந்து எழும் ஆவியே. எனவே சிந்தாமல் நிரப்புவதே முதல் பாதுகாப்பு. தீயணைப்பான் அதற்குப் பிறகுதான்.

இதற்காகக் குழாய் முனையிலும் காரின் தொட்டி வாயிலும் தனித்தனி வால்வுகள் உள்ளன. இரண்டும் பொருந்தினால் மட்டுமே அவை திறக்கும். பிரிந்தவுடன் தாமே மூடிக்கொள்ளும். தொட்டியிலிருந்து வெளியேறும் காற்றும் ஆவியும் வெளியில் கலக்காமல் குழாய் வழியாகவே திரும்பிச் செல்லும்.

இந்த வால்வு மூடாவிட்டால் என்ன நேரும் என்பதை 1994 சூலை 31 அன்று ஆக்கன்ஐம் நகரில் நடந்த செருமானிய கிராண்ட் பிரீ காட்டியது. 1984 முதல் தடை செய்யப்பட்டிருந்த எரிபொருள் நிரப்பல், பார்முலா 1-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்ட முதல் ஆண்டு அது. நொடிக்குச் சுமார் 12 லிட்டர் செலுத்தும் ஒரே வகைக் கருவியே எல்லா அணிகளுக்கும் வழங்கப்பட்டிருந்தது. பெனட்டன் அணியின் யோசு வெர்சுடாப்பன் நின்றிருந்தபோது எரிபொருள் பீறிட்டுக் கார் மீதும் பணியாளர் மீதும் தெறித்தது. ஓரிரு நொடிகள் எதுவும் நிகழவில்லை. பின்னர் கார் முழுவதையும் தீ சூழ்ந்தது. தீ விரைவில் அணைக்கப்பட்டு அனைவரும் உயிர் தப்பினர். வெர்சுடாப்பன் தலைக்கவசக் கண்ணாடியைத் திறந்து வைத்திருந்ததால் முகத்தில் தீக்காயமடைந்தார். பணியாளர் சிலரும் காயமுற்றனர். வால்வில் அயற்பொருள் சிக்கியிருந்தது விசாரணையில் தெரியவந்தது. கருவியிலிருந்த வடிகட்டியை அணியினர் கழற்றியிருந்ததும் வெளிப்பட்டது. ஆயினும் அணிக்குத் தண்டனை ஏதும் விதிக்கப்படவில்லை.

பெட்ரோல் தீயாவது கண்ணுக்குத் தெரியும். இண்டியானாபொலிசு 500 பந்தயத்தில் பயன்பட்டு வந்த மெத்தனாலின் சுடர் பகலில் ஏறத்தாழ புலப்படாது. 1981-இல் ரிக் மியர்சின் காரில் குழாய் பொருந்துமுன்னரே எரிபொருள் பாய்ந்து தீப்பிடித்தது. எரிபவரைச் சுற்றி நின்றவர்களுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. முகத்தில் காயமடைந்த மியர்சு பின்னர் 1984, 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் அதே பந்தயத்தை வென்றார். மெத்தனால் நீரில் கரைவதால் வாளி நீரே அதை அணைக்க உதவும். பெட்ரோலோ நீரில் மிதப்பதால் நீர் ஊற்றினால் தீ பரவவே செய்யும்.

ஓட்டுநரும் பணியாளரும் நோமெக்சு இழையாலான பல அடுக்கு உடை, முகமூடி, கையுறை அணிகின்றனர். இந்த இழை எளிதில் தீப்பற்றி எரியாது; ஆனால் வெப்பத்தை முழுவதும் தடுத்துவிடாது. தப்பிப்பதற்குச் சில நொடிகளைத் தருவதே அதன் வேலை.

2009 பிரேசில் பந்தயத்தில் கோவலைனனின் கார் குழாயையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டது. சிந்திய எரிபொருள் பின்னால் வந்த ரைக்கோனனின் கார் மீது தெறித்துச் சற்று நேரம் எரிந்தது. அவர் நிற்காமல் ஓட்டிச் சென்றார். 2010 முதல் பார்முலா 1-இல் எரிபொருள் நிரப்பல் மீண்டும் தடை செய்யப்பட்டது. அதற்கு முதன்மையான காரணம் தீ அன்று, கருவிகளை நாடு நாடாகக் கொண்டுசெல்லும் செலவு. இண்டிகார், லே மான்சு போன்ற பந்தயங்களில் இது இன்றும் தொடர்கிறது. லே மான்சில் நிரப்பும்போது எஞ்சின் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். நிலைமின்பொறி எழாதிருக்க கார் தரையுடன் மின்னிணைப்பும் பெற்றிருக்க வேண்டும். தீயணைப்பானுடன் ஒருவர் அருகில் நிற்பார்.