கோழிக் குடாப்பு கட்டப் போறீங்களா? வெயில், மழை, மரநாய்... மூன்றுக்கும் தாங்குவது எப்படி?

சாயங்காலம் பதினோரு உருப்படி அடைந்தது. விடிந்து கதவைத் திறந்தால் நாலுதான் நிற்கிறது. மீதி எல்லாம் கழுத்து கடிபட்டு கிடக்கிறது. திருக்கோஷ்டியூர், திருப்பத்தூர், காரைக்குடி பக்கம் கொல்லையில் நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகளில் கேட்டால், இப்படி ஒரு ராத்திரி பெரும்பாலும் எல்லோருக்குமே இருக்கும். தீவனம் குறைந்தால் கோழி இளைக்கும், அவ்வளவுதான். கூடு சரியில்லை என்றால் ஒரு வருஷ உழைப்பு ஒரே ராத்திரியில் போய்விடும்.

முன்பெல்லாம் திண்ணைக்கு அடியில் ஒரு பொந்து, இல்லாவிட்டால் மண்ணால் பூசிய குடாப்பு, குஞ்சுகளைக் கவிழ்க்க ஒரு பஞ்சாரம். நாலைந்து கோழிக்கு அது போதும். பத்துக்கு மேல் போனால் காற்றும் போதாது, சுத்தம் செய்யவும் முடியாது. அப்போதுதான் முறையான குடாப்பு தேவைப்படுகிறது.

எவ்வளவு இடம் வேண்டும்?

ராத்திரி அடைவதற்கு மட்டும் என்றால் ஒரு கோழிக்கு ஒன்றரை சதுர அடி. பத்து பெட்டை, ஒரு சேவலுக்கு 6 அடி நீளம், 3 அடி அகலம் சரியாக இருக்கும். பகலில் வெளியே மேயாமல் அடைத்தே வளர்ப்பதாக இருந்தால் கணக்கு வேறு. தமிழக கால்நடை பராமரிப்புத் துறை 50 சதவீத மானியத்தில் அறிவித்த 250 நாட்டுக்கோழி பண்ணைத் திட்டத்தில் குறைந்தது 625 சதுர அடி இடம் கேட்டது. அதாவது ஒரு கோழிக்கு இரண்டரை சதுர அடி. இடம் நெருங்கினால் ஒன்றையொன்று கொத்தும், முட்டையைக் குடிக்கும், சளி பிடித்தால் ஒரே வாரத்தில் எல்லாவற்றுக்கும் பரவும்.

வெயிலுக்கு சுவர் இல்லை, கூரைதான் முக்கியம்

கோழிக்கு வியர்க்காது. அதன் உடம்புச் சூடே சுமார் 41 டிகிரி செல்சியஸ். வெளியிலும் அந்த அளவுக்கு ஏறிவிட்டால், வாயைத் திறந்து மூச்சிரைப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வழி. சித்திரை, வைகாசியில் மத்தியான நேரத்தில் கோழி செத்துப்போவது பல நேரம் நோயால் அல்ல, சூட்டால்.

திருக்கோஷ்டியூர் சுமார் 10 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் உச்சிவெயில் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல். அப்போது சுவர் எந்தத் திசையில் இருந்தாலும் பெரிய பயனில்லை, கூரைதான் காப்பாற்ற வேண்டும். வெறும் தகரம் போட்டால் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும். செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் நாட்டு ஓடு இதற்கு அருமையான பொருள். ஓட்டுக்கு இடையே காற்று போகும், சூடு மெதுவாகத்தான் இறங்கும். தகரம்தான் இருக்கிறது என்றால், மேலே தென்னங்கீற்று வேய்ந்து கட்டுங்கள், அல்லது சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்குங்கள்.

காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெயிலுக்குத்தான் திசை பார்க்க வேண்டும். குடாப்பின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். கிழக்கு, மேற்கு என்ற இரண்டு குட்டைப் பக்கங்களையும் செங்கல்லாலோ பலகையாலோ அடைத்துவிடுங்கள். நீளமான வடக்கு, தெற்குப் பக்கங்கள் கம்பி வலையாக, காற்று குறுக்கே போகும்படி இருக்கட்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சிவகங்கை மாவட்டத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். திறந்து விட்ட வடக்குப் பக்கம் வழியாகவே சாரல் உள்ளே வரும். அதனால் கூரைச் சரிவை வடக்குப் பார்த்து இறக்கி, 2 முதல் 3 அடி வரை இறவாரம் நீட்டிவிட வேண்டும். மழை நாளில் மட்டும் அந்தப் பக்கம் தார்ப்பாய் தொங்கவிடலாம். ஆனால் மேலே அரை அடி திறந்தே இருக்கட்டும். குளிருகிறதே என்று நாலு பக்கமும் சாக்கு போட்டு மூடுவது பலர் செய்யும் தப்பு. எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா உள்ளேயே தங்கி, கோழிக்குக் கண்ணும் மூச்சுக்குழலும் கெட்டுப்போகும். குடாப்புக்குள் தலையை விட்டால் கண் எரிகிறதா? அப்படியானால் காற்று போதவில்லை.

திருடன் யார் என்று தெரிந்து கட்டுங்கள்

கீரி பகலில் வரும், மரநாய் ராத்திரி வரும். கீரி தரையைத் தோண்டும். மரநாய் மரம் ஏறி, கூரை வழியாக இறங்கும். ஓடு விலகியிருந்தால் அதற்கு அது போதும். பாம்பு முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும், எலி தீவனத்துக்கு வரும், எலியைத் தேடி மறுபடி பாம்பு வரும்.

கடையில் கோழி வலை என்று கேட்டால் மெல்லிய அறுகோண வலையைத் தருவார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், நாய் உள்ளே வருவதைத் தடுக்காது. கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் பற்றவைத்த, அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலைதான் வாங்க வேண்டும். ஓட்டுக்கு அடியிலும் அதே வலையை விரித்து ஆணியடித்துவிட்டால் மரநாய் ஓட்டை நகர்த்தினாலும் இறங்க முடியாது. வேப்பமர நிழல் நல்லதுதான், ஆனால் கிளை கூரையைத் தொடக்கூடாது. கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள், மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒரு தாழ்ப்பாள் மட்டும் இருந்தால், கதவின் மறுமுனையை நெம்பிக்கொண்டு உள்ளே புகுந்துவிடும்.

தரையிலிருந்து 2 அடி உயரத்தில் கால் வைத்துக் கட்டுவது நல்லது. கால்களை எண்ணெய் கலந்த தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பும் ஏறாது. அடைக்கோழியின் கூட்டில் எறும்பு ஏறினால் பொரிக்கும் நேரத்தில் குஞ்சு தப்பாது. அடித்தளம் ஒரு அங்குலத்துக்கு அரை அங்குலக் கண் உள்ள வலையாக இருந்தால் எச்சம் பெரும்பாலும் கீழே விழுந்துவிடும். அதை வாரி, மக்க வைத்து தென்னைக்குப் போடலாம். பச்சையாகப் போட்டால் வேர் கருகும்.

உள்ளே என்ன இருக்க வேண்டும்?

அடைவதற்கு 2 அங்குல அகலக் கட்டை, முனை மழுங்கியது. ஒரு கோழிக்கு 8 அங்குல நீளம் வேண்டும். பதினோரு கோழிக்கு ஏழு அடிக்கு மேல் வருகிறது என்பதால் 6 அடிக் கட்டை இரண்டு போட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே உயரம். ஏற்ற இறக்கமாக வைத்தால் மேல் கட்டைக்கு தினமும் சண்டை.

முட்டையிட ஓரடிக்கு ஓரடி பெட்டி, நாலைந்து பெட்டைக்கு ஒன்று. கட்டையைவிடத் தாழ்வாக, இருட்டாக இருக்கணும். பெட்டி உயரத்தில் இருந்தால் கோழி அதிலேயே போய் அடையும், முட்டை எல்லாம் எச்சமாகிவிடும். பெட்டியைக் குடாப்புக்கு வெளியே நீட்டி மூடி வைத்தால், உள்ளே நுழையாமலே முட்டை எடுக்கலாம். முதுகு வலி உள்ள பாட்டிக்கு இது பெரிய உதவி.

மரப்பலகையில் விரிசல் விடாதீர்கள். உண்ணியும் செல்லும் பகலில் அங்கேதான் ஒளிந்திருந்து, ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தால் விரிசல் அடையும். வெளியே ஒரு மூலையில் சாம்பலும் மணலும் குவித்து வைத்தால் கோழி தானே புரண்டு பேனை உதறிவிடும்.

கூடு தடுக்காதது ஒன்று

வெள்ளைக் கழிச்சல். உத்தரகாண்டில் இருக்கும் ராணிக்கெட் ஊர் பெயரால் இந்தியாவில் அறியப்படும் இந்த வைரஸ் நோய்க்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, எட்டாவது வாரம் ஊசி. தமிழகத்தில் கால்நடைத் துறை வழக்கமாக பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, கட்டணம் இல்லை. சந்தையில் வாங்கிய கோழியை நேராகக் குடாப்பில் விடாமல், இரண்டு வாரம் பஞ்சாரத்தில் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு சேருங்கள்.

வளர்ப்பு பற்றி ஆலோசனை வேண்டும் என்றால் குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கால்நடை அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 1962.